டூரிங் கார் பந்தயச் செலவுகள் (கோயம்புத்தூர்)

டூரிங் கார் பந்தயச் செலவுகள் என்பவை, தொழிற்சாலையில் சாலைப் பயன்பாட்டிற்காகத் தயாரிக்கப்பட்ட தானுந்துகளை மாற்றியமைத்து நடத்தப்படும் டூரிங் கார் பந்தயங்களில், ஓர் ஓட்டுநரோ அணியோ ஒரு பருவம் முழுவதும் பங்கேற்பதற்கு ஆகும் தொடர்செலவுகள் ஆகும். வண்டியை வாங்கி முதன்முறை ஆயத்தம் செய்வது ஒருமுறைச் செலவு. டயர், எஞ்சின் மறுசீரமைப்பு, போக்குவரத்து, நுழைவுக் கட்டணம், மோதல் சேதம் ஆகியவை பந்தயத்திற்குப் பந்தயம் திரும்ப வருபவை. பொதுவாக ஓர் ஓட்டுநரைப் பந்தயத்திலிருந்து விலகச் செய்வது வண்டியின் விலையன்று, இத்தொடர்செலவுகளே.

இந்தியாவின் முதன்மையான பந்தய நகரங்களுள் ஒன்று கோயம்புத்தூர். இந்நகரின் தானுந்துப் பந்தய வரலாறு, பெருமளவில் இச்செலவைக் குறைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறாகவும் உள்ளது.

பின்னணி

சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் 1950கள் முதல் பந்தயங்கள் நடைபெற்றன. பியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சாலை வண்டிகளே அங்கு பெரும்பாலும் ஓடின. 1990இல் திருப்பெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. நீளமுள்ள நிலையான பந்தயத்தடம் பயன்பாட்டிற்கு வந்தது.

கோயம்புத்தூர்த் தொழில்துறைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த சு. கரிவரதன், குறைந்த செலவில் பந்தயம் என்னும் கருத்தைச் செயல்படுத்தியவர்களுள் முதன்மையானவர். மாருதி 800 வண்டியின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்ட ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை 1988இல் அவர் அறிமுகப்படுத்தினார். இது டூரிங் கார் வகையைச் சேர்ந்ததன்று. எனினும், எளிதில் கிடைக்கும் உள்நாட்டு எஞ்சின், அனைவருக்கும் ஒரே வகை வண்டி என்னும் இதன் இரு கொள்கைகள் பின்னர் டூரிங் கார் பிரிவுகளிலும் இடம்பெற்றன. பின்னாளில், 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன், தம் தொடக்கக் காலத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர். கரிவரதன் 1995இல் வான்வழி விபத்தில் இறந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரால் அமைந்தது.

பிரிவுகள்

இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பின் (எஃப்.எம்.எஸ்.சி.ஐ.) தேசிய வாகையர் போட்டியில் இந்தியன் டூரிங் கார்ஸ், இந்தியன் ஜூனியர் டூரிங் கார்ஸ், சூப்பர் ஸ்டாக் ஆகிய பிரிவுகள் இடம்பெற்று வந்துள்ளன. எஞ்சினிலும் தாங்கமைப்பிலும் எந்த அளவு மாற்றம் செய்யலாம் என்பதே இவற்றிற்கிடையேயான முக்கிய வேறுபாடு. மாற்றங்களுக்கான உரிமை கூடுந்தோறும் செலவும் கூடும். மாருதி எஸ்டீம், ஹோண்டா சிட்டி ஆகியவை இப்பிரிவுகளில் நெடுங்காலம் ஓடிய வண்டிகளாகும்.

தொடர்செலவின் கூறுகள்

எரிபொருள்: பலரும் எண்ணுவதற்கு மாறாக, இது மிகச் சிறிய கூறுகளுள் ஒன்று. எடுத்துக்காட்டாக, பயிற்சி, தகுதிச்சுற்று, பந்தயங்கள் அனைத்தையும் சேர்த்து ஒரு வார இறுதியில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தை 60 முறை சுற்றும் வண்டி ஏறத்தாழ 223 கி.மீ. ஓடும். லிட்டருக்கு 4 கி.மீ. என்று கொண்டால் 56 லிட்டர் பெட்ரோல் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்றால், செலவு 5,600 ரூபாய் ஆகும்.

டயர்: முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில் முடுக்கம், திருப்பம், பிரேக்கின் பெரும்பங்கு ஆகிய மூன்றின் சுமையும் முன் டயர்கள் மீது விழுகிறது. எனவே அவை பின் டயர்களைவிட விரைவில் தேய்கின்றன. மேலும், சூடேறிக் குளிரும் ஒவ்வொரு முறையும் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைகிறது. தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் புதிய டயர் பூட்டியவர் முந்திச் செல்வார். இதனால் போட்டி அமைப்பாளர்கள் ஒரே நிறுவன டயரை அனைவருக்கும் விதித்து, ஒரு கட்டத்திற்குப் பயன்படுத்தத்தக்க டயர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பிடுவது உண்டு.

எஞ்சின்: சாலையில் அரிதாகவே எட்டப்படும் சுழற்சி வேகத்தில் பந்தய எஞ்சின் தொடர்ந்து இயங்குகிறது. பிஸ்டன் வளையங்கள், பேரிங்குகள், வால்வுகள், கேஸ்கட்டுகள் ஆகியவற்றைக் குறிப்பிட்ட ஓட்டத்திற்குப்பின் மாற்ற வேண்டும். பந்தயத்திற்குப் பிந்தைய தொழில்நுட்பச் சோதனையில் எஞ்சின் பிரிக்கப்பட்டால் மீண்டும் பூட்டுவதற்கான கூலியும் கேஸ்கட்டும் வேண்டும்.

போக்குவரத்து: கோயம்புத்தூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆகவே மேற்கண்ட 223 கி.மீ. ஓட்டத்திற்காக வண்டி 1,000 கி.மீ. லாரியில் பயணம் செய்கிறது. 2011இல் திறக்கப்பட்ட கிரேட்டர் நொய்டாவின் புத்தா பன்னாட்டுத் தடம் 2,000 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. மெக்கானிக்குகளின் கூலி, தங்கும் செலவு, உணவு ஆகியவையும் தொலைவுக்கேற்ப உயரும். வீட்டருகே ஒரு பந்தயத்தடம் அமைவதன் முதன்மையான பொருளாதாரப் பயன் இதுவே.

பாதுகாப்புக் கருவிகள்: தீத்தடுப்பு உடை, தலைக்கவசம், கழுத்துக் காப்பு, பந்தய இருக்கை, இருக்கைப்பட்டி, தீயணைப்பான், உருள்கூண்டு ஆகியவை தேவை. எஃப்.ஐ.ஏ. தரச்சான்று பெற்ற இருக்கைகளுக்கும் பட்டிகளுக்கும் காலாவதி ஆண்டு உண்டு. பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின், ஒரு விபத்தையும் சந்திக்காதவையாயினும் மாற்றப்பட வேண்டும்.

மோதல் சேதம்: டூரிங் கார் பந்தயங்களில் வண்டிகள் உரசிக்கொள்வது வழக்கம். இந்தியாவின் வழக்கமான மோட்டார் காப்புறுதி ஒப்பந்தங்கள் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்குகின்றன. எனவே பிறர் தவறால் நேர்ந்த சேதமாயினும் உரிமையாளரே பொதுவாக அதை ஏற்க நேர்கிறது. முன்கூட்டிக் கணிக்க இயலாத இக்கூறே சிறு அணிகள் பருவத்தின் நடுவில் விலகுவதற்கு ஒரு காரணமாக அமைகிறது.

இவை தவிர, ஓட்டுநர் உரிமம், மருத்துவச் சான்று, ஒவ்வொரு கட்டத்திற்குமான நுழைவுக் கட்டணம், பயிற்சி நாள்களுக்கான தட வாடகை ஆகியவையும் உண்டு.

உக்கடமும் பட்டறைகளும்

கோயம்புத்தூர் நூற்பாலை இயந்திரங்கள், நீரேற்று மோட்டார்கள், வார்ப்படம், வாகன உதிரிபாகம் ஆகிய தொழில்களில் வளர்ந்த நகரமாகும். இத்தொழில்களைச் சார்ந்து உருவான லேத் பட்டறைகளில் கிராங்க் தண்டைக் கடைதல், சிலிண்டரைத் துளை பெரிதாக்குதல், சுழலும் பாகங்களைச் சமநிலைப்படுத்துதல் போன்ற பணிகளைச் செய்துகொள்ள இயலும். பிற ஊர்களில் வெளியிலிருந்து வாங்க வேண்டிய பாகம் ஒன்றை இங்கு செய்வித்துக்கொள்ளலாம் என்பது உள்ளூர் அணிகளுக்கு வாய்த்த நன்மை.

நகரின் தென்பகுதியில் பெரியகுளத்தை ஒட்டி அமைந்துள்ள உக்கடம், பழைய இரும்பு, பழைய வாகன உதிரிபாக வணிகத்திற்குப் பெயர்பெற்றது. இங்கிருந்து ஆத்துப்பாலம், போத்தனூர் வழியாகச் செட்டிபாளையம் செல்லலாம். டூரிங் கார் பிரிவுகளின் வண்டிகள் சாலை வண்டிகளை அடிப்படையாகக் கொண்டவை. ஆதலால் கதவு, முன்மூடி, கியர்பெட்டியின் உறை போன்றவற்றை உடைக்கப்பட்ட பழைய வண்டிகளிலிருந்து பெற்றுப் பொருத்த இயலும். 2007இல் எஸ்டீம் உற்பத்தி நிறுத்தப்பட்டது போன்ற சூழல்களில் பழைய பாகச் சந்தையின் முக்கியத்துவம் கூடுகிறது. எனினும் பிரேக், ஸ்டியரிங், தாங்கமைப்பு ஆகியவற்றின் பாகங்களைப் பழையனவாக வாங்கினால், விரிசல் உள்ளதா என்று சோதித்தே பயன்படுத்த வேண்டும். இவற்றில் செய்யப்படும் சிக்கனம் ஓட்டுநரின் உயிரோடு தொடர்புடையது.

செலவுக் கட்டுப்பாட்டு முறைகள்

டூரிங் கார் பந்தயத்தில் கட்டுப்பாடற்ற செலவு போட்டியையே அழிக்கும் என்பதற்கு உலக அளவில் சான்றுகள் உள்ளன. செலவு பெருகி ஆல்ஃபா ரோமியோவும் ஓப்பலும் விலகியதால், பன்னாட்டு டூரிங் கார் வாகையர் போட்டி 1996உடன் முடிவுக்கு வந்தது. பிரித்தானியாவில் 2 லிட்டர் சூப்பர் டூரிங் விதிகள் இதே காரணத்தால் கைவிடப்பட்டு, 2001இல் எளிய விதிகள் வந்தன. 2011 முதல் அங்கு பொதுப் பாகங்களைக் கொண்ட புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2015இல் தொடங்கிய டி.சி.ஆர். விதிகள், உற்பத்தியாளர்கள் தாமே அணி நடத்தாமல் வாடிக்கையாளர் அணிகளுக்கு வண்டியை விற்கும் முறையைக் கொண்டவை.

இந்தியாவில் மூன்று முறைகள் கையாளப்பட்டுள்ளன:

• மாற்றங்களுக்கு வரம்பு: தொழிற்சாலை எஞ்சினுக்கு நெருக்கமான நிலையில் ஓடும் சூப்பர் ஸ்டாக் போன்ற பிரிவுகள்.
• ஒரே டயர்: அனைவருக்கும் ஒரு நிறுவனத்தின் டயர்.
• ஒரே வகை வண்டி: ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பை (2010), டொயோட்டா எட்டியோஸ் பந்தயம் (2013), வென்டோ கோப்பை (2015), அமியோ கோப்பை (2017) ஆகியவை. இவற்றில் அமைப்பாளரே வண்டிகளைப் பராமரிப்பார். ஓட்டுநர் கட்டணம் செலுத்தி வந்து ஓட்டிச் செல்வார்.

விளைவுகள்

மூன்றாம் முறையில் ஓட்டுநரின் செலவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இளம் ஓட்டுநர்கள் சொந்தப் பட்டறையின்றிப் பந்தயத்திற்கு வர இது வழிவகுத்தது. ஆனால் வண்டியை ஆயத்தம் செய்யும் வேலை அணிகளிடமிருந்து அமைப்பாளருக்கு மாறுவதால், எஞ்சின் அமைப்போர், லேத் தொழிலாளர், மெக்கானிக்குகள் ஆகியோருக்கு அதில் இடம் குறைவு. மேலும், வாகன நிறுவனம் தன் ஆதரவை நிறுத்தும்போது அக்கோப்பையும் நின்றுவிடுகிறது.

சொந்த வண்டிப் பிரிவுகளில் செலவு கூடுதலாயினும், செய்த செலவின் ஒரு பகுதி வண்டியாகவும், பட்டறையின் தொழிற்பயிற்சியாகவும் ஊரிலேயே தங்குகிறது. எனவே செலவை எவ்வளவு குறைக்கலாம் என்பதோடு, எந்தச் செலவைக் குறைப்பது என்பதும் விதி வகுப்போர் முன் உள்ள கேள்வியாகும். டயர், போக்குவரத்து, மோதல் சேதம் ஆகியவற்றில் ஏற்படும் குறைப்பு ஓட்டுநரைக் களத்தில் நிறுத்துகிறது. ஆயத்த வேலையையே நீக்குவது, கோயம்புத்தூரைப் பந்தய நகரமாக்கிய கைத்திறனுக்கான தேவையைக் குறைக்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

• கரி மோட்டார் ஸ்பீட்வே
• சு. கரிவரதன்
• நாராயண் கார்த்திகேயன்
• உக்கடம்
• சோழவரம்