கற்பார்க்கு உணவளித்த ஊர்கள்

சமண அறம் போற்றும் நால்வகைத் தானங்கள் ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்பன. இவற்றுள் உணவுக்கொடையும் கல்விக்கொடையும் ஒன்றையொன்று சார்ந்தவை. பசித்த வயிற்றோடு எவராலும் நெடிது கற்க இயலாது. தொண்டை நாட்டுக் கல்வெட்டுகள் இரண்டு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றன.

வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல், பழங்காலத்தில் விடால் எனப்பட்டது. முதலாம் ஆதித்த சோழன் காலத்ததாக, ஏறத்தாழ கி.பி. 885-ஐச் சார்ந்ததாகக் கருதப்பெறும் அவ்வூர்க் கல்வெட்டு, குணகீர்த்தி படாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியாரைக் குறிப்பிடுகிறது. அவர்பால் கற்ற 500 பேருக்கும் அங்கு வாழ்ந்த துறவியர் 400 பேருக்கும் இடையே பிணக்கு நேர்ந்தது. அந்நிலையில் ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர். அபயமும் ஆகாரமும் சாத்திரமும் அங்கு ஒருங்கே நின்றன.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், ஏறத்தாழ 1068-இல் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு, பெருமாள் கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையைப் பற்றிக் கூறுகிறது. மாணாக்கர் உள்ளிட்ட 60 பேருக்கு நாள்தோறும் உணவளிக்க ஆங்கு நெல் ஒதுக்கப்பட்டது. விளக்கெரிக்கவும் சனிக்கிழமை நீராடவும் எண்ணெய் வழங்கப்பட்டது. நோயுற்றோர்க்கு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இருந்தது. ஆயினும் அவ்வேதக் கல்வி எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை.

எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வியோடு உணவும் கிட்டவேண்டும் என்னும் எண்ணம் 1956-இல் காமராசரின் மதிய உணவுத் திட்டத்தால் பரவியது. 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. எனினும் இத்திட்டங்கள் பள்ளியோடு நின்றுவிடுகின்றன. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் அளிக்கின்றன. நாளொன்றுக்கு அது ஏறத்தாழ 33 ரூபாய். நூலுக்கும் பேருந்துக்கும் போக, மூவேளை உணவுக்கு அது எங்ஙனம் போதும்?

வயலும் ஏரியுமாக இருந்த சிறுசேரி இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவால் உலகறிந்த ஊர். அதனை ஒட்டிய பழைய மாமல்லபுரம் சாலையில் கல்லூரிகள் பல உள்ளன. வெளியூரிலிருந்து வந்து பயிலும் ஏழை மாணவர்க்கு, பள்ளியில் கிட்டிய மதிய உணவு இங்கு இல்லை.

திருநாளில் அன்னதானம் வழங்குதல் நன்று. வேடல் ஊரார் ஏற்றதோ அன்றாடக் கடமை. ஒரு குடும்பம் ஒரு மாணவரின் மதிய உணவைக் கல்வியாண்டு முழுவதும் ஏற்குமாயின், அவ்வூரார் காட்டிய நெறி இங்கும் தழைக்கும்.