நகராத நூல்கண்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சால்மனும் ட்ரவுட்டும் பெரும்பாலும் வசதி படைத்தவர்களின் மீன்கள். சிற்றாறுகளில் திரிந்த ரோச், டேஸ், சப் ஆகியவைதான் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தவை. விடுமுறை நாளில் அவர் கொக்கியில் புழுவைக் கோத்து, இறகுத் தக்கையை எதிர்க்கரை மரநிழலை நோக்கி வீசினார். தக்கை பாதி ஆற்றைக்கூடத் தாண்டவில்லை.

குற்றம் கையிலிருந்த மர உருளையுடையது. நாட்டிங்காம் நகரில், ட்ரென்ட் ஆற்றங்கரையில் பேர்பெற்ற உருளை அது. நூல் வெளியேற வேண்டுமானால் உருளையும் சுழல வேண்டும். சில கிராம் எடையுள்ள தக்கைக்கு அதை இழுத்துச் சுழற்ற வலு ஏது? ஈயத்தைக் கூட்டினால் இன்னொரு வம்பு. ஈயம் தண்ணீரில் விழுந்த பிறகும் உருளை சுழன்றுகொண்டே இருக்கும். நூல் பொங்கி வழிந்து சிக்காகும். கட்டைவிரலை வைத்துச் சரியான நொடியில் நிறுத்தத் தெரிந்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் சிக்கெடுத்தே மாலையைக் கழித்தார்கள்.

1884-ல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத் தூண்டில் வியாபாரி பீட்டர் மலாக் ஒரு வழி கண்டார். வீசும்போது உருளையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டார். உருளை அசையவில்லை, நூல் அதன் விளிம்பு வழியாக உருவிக்கொண்டு பறந்தது. ஆனால் அப்படி உருவிய ஒவ்வொரு சுற்றும் நூலில் ஒரு முறுக்கை ஏற்றியது. திரும்பச் சுற்றும்போது அது இறங்கவில்லை. சில வீச்சுகளிலேயே நூல் சுருண்டு முடிச்சிட்டது.

விடை வந்த இடம் ஆறல்ல, பிராட்ஃபோர்டின் கம்பளி ஆலைகள். ஆலைக் குடும்பத்தில் பிறந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், பாபினிலிருந்து நூல் உருவப்படுவதை நாள்தோறும் பார்த்தவர். பாபின் நிற்க, நூல் அதன் முனை வழியாக ஓடுகிறதே! 1905-ல் அவர் காப்புரிமை பெற்ற கருவியில் நூல்கண்டு சுழலவேயில்லை. ஒரு கை அதைச் சுற்றிச்சுற்றி வந்து நூலைச் சுற்றியது. சுற்றும்போது ஏறிய முறுக்கு, வீசும்போது தானே இறங்கியது. மலாக்கை வீழ்த்திய சிக்கல் அவ்வளவு எளிதாகத் தீர்ந்தது என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த திருப்பம்.

ஆனாலும் அது ஆற்றங்கரைத் தொழிலாளியின் கைக்கு உடனே வந்துவிடவில்லை. அன்றைய பட்டு நூலை ஒவ்வொரு மாலையும் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் இற்றுவிடும். 1932-ல் ஹார்டி தூண்டில் நிறுவனத்தின் ஆல்டெக்ஸ் என்ற கருவி, நூலைத் தானே அள்ளும் வளைகம்பியோடு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இற்றுப்போகாத நைலான் நரம்பு பரவியது. அதன்பின் சிற்றாற்றங்கரையில் ஒரு கிராம், இரண்டு கிராம் தக்கைகூட எதிர்க்கரையைத் தொட்டது. இன்று தூண்டில் கடைகளில் ஸ்பின்னிங் ரீல் என்று கேட்டு வாங்குவது இல்லிங்வொர்த்தின் அந்த நகராத நூல்கண்டைத்தான்.