மறைத்த தாயும் உரைத்த தாயும்

குடும்ப இரகசியம் என்பது கதை இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. பாரதத்திலே குந்திதேவி தன் தலைமகனாகிய கர்ணனை ஆற்றில் விட்டாள். அவன் தன் மகன் என்பதைப் பல்லாண்டுகள் மறைத்தாள். பாண்டவர் அதனை அறிந்தபோது கர்ணன் உயிரோடில்லை. தமையனைக் கொன்ற தம்பியருக்கு அவ்வுண்மை துயரத்தையே தந்தது. மறைக்க வேண்டியது எது, உரைக்க வேண்டியது எது என்னும் இப்பழைய வினாவை இருபதாம் நூற்றாண்டின் தமிழ்க் கதையுலகிலே மீண்டும் எழுப்பியவர் ஜெயகாந்தன்.

1966 ஆம் ஆண்டிலே ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதை வெளியாயிற்று. மழை நாளொன்றில் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற கல்லூரி மாணவி ஒருத்தியை, முன்பின் அறியாத ஒருவன் காரில் ஏற்றிச் சென்று கெடுத்துவிடுகிறான். வீடு திரும்பியவள் விதவைத் தாயிடம் நடந்ததைக் கூறுகிறாள். முதலில் ஆத்திரத்தால் அடித்த தாய், அயலார் வந்து வினவியதும் தெளிவு பெறுகிறாள். உண்மையை அவர்களிடம் மறைத்து, மகளின் தலையிலே நீரை வார்த்து, அவள் தூயவளே என்று தேற்றுகிறாள்.

இம்முடிவு வாசகரிடையே பெருஞ் சர்ச்சையைக் கிளப்பிற்று. ஆசிரியர் அதற்கு விடையாக எழுதியது மற்றொரு கதையாகும். அந்தத் தாய் மறைக்காது கூவியிருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்பதே அதன் கரு. தினமணி கதிரிலே 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்த அந்நாவல், 1970 இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என நூலுருப் பெற்றது. 1972 இல் சாகித்திய அக்கடமிப் பரிசும் அதற்குக் கிடைத்தது.

நாவலிலே தாயின் அலறல் ஊரறியச் செய்துவிடுகிறது. தமையன் தங்கையாகிய கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். அவள் மாமன் ஆதரவிற் படித்து உத்தியோகம் பெறுகிறாள். ஆயினும் பழி அவளை விட்டு நீங்கவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் அந்தச் சிறுகதையே அவள் கைக்குக் கிடைக்கிறது. அதனைத் தாயிடமும் படிக்கக் கொடுக்கிறாள், தாய் கலங்குகிறாள். அந்நேரத்தில் தனக்கு அந்த அறிவு வராமற் போயிற்றே என்ற அக்கலக்கத்திலே ஒருவகை மனப்பொருத்தம் பிறக்கிறது. ஆனால் இழந்த வாழ்வை அது மீட்டுத் தரவில்லை. தன்னைக் கெடுத்தவனையே தேடிக் கண்டு பழகும் கங்காவுக்கு அவ்வுறவும் நிலைக்கவில்லை.

இவ்விரு கதைகளையும் குந்தியின் கதையோடு சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். குந்தி மறைத்தது தன் பெயரைக் காக்க. சிறுகதைத் தாய் மறைத்தது தன் மகளைக் காக்க. முன்னையது குடும்பத்தைப் பிரித்தது, பின்னையது பிணைத்தது. நாவலின் தாய் கூறியதும் பொய்யன்று. எனினும் அன்பு துணை நில்லாத அம்மெய் பெற்ற மகளையே தெருவில் நிறுத்திற்று.

எனவே, இரகசியம் காப்பது குற்றமா, குணமா என்று வினவுவதிலும், அது யார் பொருட்டுக் காக்கப்படுகிறது என்று வினவுவதே தகும். தவறிழைக்கப்பட்ட பிள்ளை முதன்முதலில் வாய் திறப்பது வீட்டின் உள்ளேதான். அவ்வேளையில் அயலார் செவிக்கு அஞ்சாது அப்பிள்ளையின் முகத்தை நோக்குவோர் இருப்பின், பின்னாளிலே மன்னிப்புக் கேட்கவேண்டிய நிலை அக்குடும்பத்திற்கு வாராது.