200 மெகாபிக்சலா, 48 மெகாபிக்சலா? காசிமேடு இருட்டிலும் எண்ணூர் புகையிலும் எந்த போன் கேமரா கைகொடுக்கும்?

ஒரு போனின் விலை 1,29,999 ரூபாய். இன்னொன்று 1,44,900 ரூபாய். இந்தியாவில் 2025 ஜனவரியில் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவுக்கும், 2024 செப்டம்பரில் வந்த ஐபோன் 16 ப்ரோ மேக்ஸுக்கும் அறிமுகத்தின்போது வைத்த ஆரம்ப விலை இது. இவ்வளவு காசு கொடுத்து வாங்குபவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "கேமரா எதுல நல்லா இருக்கும்?" என்பதுதான்.

இரண்டு போனின் கேமராவையும் ஒப்பிட்ட வீடியோக்கள் யூடியூப்பில் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலும் மலை, பூ, காபி கப்தான் அதில் இருக்கும். ஆனா வடசென்னைக்காரர்கள் கேமராவைத் தூக்கும் இடமே வேறு. விடியற்காலை மீன் ஏலம், தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல், ராத்திரி வாசலில் திடீரென்று வரும் கேஸ் வாடை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கசடு எண்ணூர் முகத்துவாரம் வரை வந்ததை நாடு முழுக்கக் கொண்டு சேர்த்ததில், மீனவ கிராம மக்களின் செல்போன் படங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் பகுதியில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடியபோது, கையில் இருந்த கேமராவும் செல்போன்தான்.

அதனால், இந்த ஊருக்கு எந்த போன் சரி, எடுத்த படம் நாளைக்கு ஆதாரமா நிற்குமா? இரண்டையும் பார்க்கலாம்.

200 பெரிசா, 48 பெரிசா?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மெகாபிக்சல். சாம்சங்கின் மெயின் கேமரா 200 மெகாபிக்சல், ஐபோனுடையது 48. நாலு மடங்கு வித்தியாசம்னு தோணும். ஆனா இருட்டில் அப்படி இல்லை.

பிக்சல் என்பது வெளிச்சத்தைப் பிடிக்கும் சின்ன கிண்ணம் மாதிரி. மழையில் பாத்திரம் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தட்டில் 200 குட்டிக் கிண்ணம் வைத்தாலும், 48 கொஞ்சம் பெரிய கிண்ணம் வைத்தாலும், தட்டின் அளவு ஒன்றுதான் என்றால் விழும் தண்ணீரும் ஏறத்தாழ ஒன்றுதான். இங்கே தட்டு என்பது சென்சார். இரண்டு போனின் மெயின் சென்சாரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. சாம்சங்கில் 1/1.3 இன்ச், ஐபோனில் 1/1.28 இன்ச்.

சாம்சங்கின் ஒரு பிக்சல் 0.6 மைக்ரான். ராத்திரியில் 16 பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி, சுமார் 12 மெகாபிக்சல் படமா கொடுக்கும். அப்போது ஒரு பிக்சல் 2.4 மைக்ரான் ஆகிவிடும். ஐபோனில் ஒரு பிக்சல் 1.22 மைக்ரான். அது நாலு பிக்சலைச் சேர்க்கும், 2.44 மைக்ரான். அதாவது இருட்டு வந்துவிட்டால் 200-ம் 48-ம் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன.

லென்ஸ் துவாரத்தின் அளவைச் சொல்லும் எஃப் எண்ணும் அப்படித்தான். எண் குறைந்தால் துவாரம் பெரிசு. சாம்சங் எஃப் 1.7, ஐபோன் எஃப் 1.78. கணக்குப் போட்டால் சாம்சங்குக்கு 10 சதவீதம் போல கூடுதல் வெளிச்சம். கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

காசிமேடு ஏலத்தில் எது?

விடியலுக்கு முன்னால் மீன்பிடித் துறைமுகத்தில் வெளிச்சமும் குறைவு, ஆளும் நிற்க மாட்டார்கள். கூடை கை மாறும், ஐஸ் பறக்கும். இங்கே எந்த போனாக இருந்தாலும் நைட் மோடு காலை வாரும். காரணம், நைட் மோடு ஒரே ஒரு படம் எடுப்பதில்லை. ஓரிரு வினாடிக்குள் பல படங்களை எடுத்து அடுக்கி ஒன்றாக்குகிறது. நிற்கும் படகு பளிச்சுனு வரும், நடக்கும் ஆள் கலங்கிப்போவார்.

ஆள் முக்கியம் என்றால் நைட் மோடை ஆஃப் பண்ணிவிட்டு மெயின் கேமராவில் 1எக்ஸில் எடுங்கள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தாலும் முகம் தெரியும். கூட்டத்துக்குள் நின்று அகலமா எடுக்க வேண்டும் என்றால் சாம்சங்குக்கு ஒரு பிளஸ் உண்டு. அதன் அல்ட்ரா வைடு எஃப் 1.9, ஐபோனில் எஃப் 2.2.

வீடியோ எடுக்கும்போது டியூப்லைட், எல்இடி விளக்குக்குக் கீழே கறுப்புக் கோடு ஓடுகிறதா? நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுக்கும். 60, 120 ஃபிரேமில் எடுத்தால் அந்தக் கணக்கு ஒத்துப்போகாது. ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் 'பால்' ஃபார்மட்டை ஆன் செய்தால் 25 ஃபிரேமில் எடுக்கலாம், கோடு போகும். சாம்சங்கில் 60-ஐ விட்டு 30 ஃபிரேமுக்கு இறங்கினால் பெரும்பாலும் குறையும்.

தூரத்துக் கப்பல் பெயர் தெரியுமா?

ஜூமில்தான் இரண்டு போனுக்கும் உண்மையான வித்தியாசம். இரண்டிலும் 5 மடங்கு ஜூம் லென்ஸ் இருக்கிறது. ஆனா ஐபோனில் அதற்குப் பின்னால் இருப்பது 12 மெகாபிக்சல் சென்சார், சாம்சங்கில் 50 மெகாபிக்சல். சாம்சங்கில் 10எக்ஸ் வைத்தால், அந்த 50-ன் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும்.

ஒரு கிலோமீட்டர் தூரத்தில் கப்பல் நிற்கிறது, அதில் ஒரு மீட்டர் உயரத்துக்கு எழுத்து இருக்கிறது என்று வையுங்கள். ஐபோனின் 5எக்ஸ் படத்தில் அந்த எழுத்துக்கு ஏறத்தாழ 14 புள்ளி உயரம் கிடைக்கும். சாம்சங்கின் 10எக்ஸ் படத்தில் ஏறத்தாழ 26 புள்ளி. 14 புள்ளியில் எழுத்தை ஊகிக்கணும், 26-ல் படிக்கலாம். அதே கப்பல் 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இரண்டிலுமே படிக்க முடியாது. மெரினாவிலிருந்து எண்ணூர் வரை பகலில் கடல் மேல் இருக்கும் வெப்ப மூட்டம் வேறு கெடுக்கும்.

சாம்சங் 100எக்ஸ், ஐபோன் 25எக்ஸ் என்று சொல்லும் பெரிய ஜூம் எல்லாம் சாஃப்ட்வேர் இழுத்துப் பெரிதாக்குவது. அதில் புதிய விவரம் எதுவும் வராது.

ராத்திரி ஜூமில் இன்னொரு விஷயம் நடக்கும். வெளிச்சம் போதவில்லை என்றால் இரண்டு போனுமே ஜூம் லென்ஸை விட்டுவிட்டு, மெயின் கேமரா படத்தையே வெட்டிக் கொடுத்துவிடும். திரையில் 5எக்ஸ் என்றுதான் காட்டும். ஜூம் லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரையில் படம் அப்படியே தெரிந்தால் அது 5எக்ஸ் லென்ஸ் இல்லை.

எண்ணூர் புகை ஏன் சாம்பலா வருது?

வடசென்னை அனல்மின் நிலையப் பக்கம் பளிச்சென்ற வானத்துக்கு எதிரே புகையை எடுக்கிறீர்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தது, படத்தில் சாம்பலாக இருக்கலாம். இது போனின் கோளாறு இல்லை. வானம் வெளுத்துப்போகாமலும், நிழல் இருண்டுபோகாமலும் இருக்க எச்டிஆர் என்ற முறை இரண்டையும் நடுவாந்திரமா கொண்டுவருகிறது. கல்யாண போட்டோவுக்கு அது வரம். புகை எவ்வளவு கறுப்பு என்று காட்ட வேண்டிய படத்துக்கு அது சிக்கல்.

இதற்கு இரண்டு போனிலுமே வழி இருக்கிறது. ஐபோன் ப்ரோ மாடல்களில் 'ப்ரோரா', சாம்சங்கில் 'எக்ஸ்பர்ட் ரா'. இந்த முறைகளில் திருத்தம் கம்மி, ஆனா ஃபைல் பெரிசு. ஐபோனில் 48 மெகாபிக்சல் ப்ரோரா படம் ஒன்றே சுமார் 75 எம்பி.

போன் தானா சேர்க்கும் விவரங்கள்

2023 மார்ச்சில் ரெடிட் தளத்தில் ஒருவர் ஒரு சோதனை செய்தார். நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து, சாம்சங் போனில் ஜூம் செய்து எடுத்தார். மங்கலான படத்தில் இல்லாத பள்ளங்கள் போன் படத்தில் வந்துவிட்டன. நிலாவை அடையாளம் கண்டதும் செயற்கை நுண்ணறிவு விவரங்களை மேம்படுத்துகிறது என்று சாம்சங் விளக்கம் கொடுத்தது. வேண்டாம் என்றால் 'சீன் ஆப்டிமைசர்' வசதியை ஆஃப் செய்துகொள்ளலாம்.

ஐபோன் மட்டும் அப்படியே எடுக்கிறது என்று நினைக்க வேண்டாம். அதுவும் பல படங்களைக் கலந்து, கூர்மையாக்கித்தான் கொடுக்கிறது. படத்திலிருந்து ஆளையோ பொருளையோ அழிக்கும் வசதி இப்போது இரண்டிலுமே உண்டு. ஆதாரத்துக்காக எடுக்கும் படத்தில் அந்தப் பக்கமே போகக் கூடாது.

படம் ஆதாரமா நிற்கணும்னா என்ன செய்யணும்?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவு, மின்னணு ஆதாரங்களைப் பற்றிச் சொல்கிறது. பழைய சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதிலாக வந்தது இது. டிஜிட்டல் படத்தைக் கோர்ட்டில் கொடுக்கும்போது கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஃபைலின் 'ஹேஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் அது மாறிவிடும். அதனால்:

• கேமராவுக்கு லொகேஷன் அனுமதியை முன்கூட்டியே ஆன் செய்து வையுங்கள். எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகும்.

• வாட்ஸ்அப்பில் போட்டோவா அனுப்பினால் அது சுருங்கிவிடும், இடம் பற்றிய தகவலும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

• அசல் ஃபைலை போனிலிருந்து அழிக்காதீர்கள், கிராப் செய்யாதீர்கள், ஃபில்டர் போடாதீர்கள். வெட்ட வேண்டும் என்றால் முதலில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

• முதலில் இடம் தெரிகிற மாதிரி 1எக்ஸில் ஒரு படம். அப்புறம் ஜூம். வெறும் ஜூம் படம் மட்டும் இருந்தால் எங்கே எடுத்தது என்ற கேள்வி வரும்.

• கேஸ் வாடை வந்தால் முதலில் அங்கிருந்து விலகுங்கள். படம் அப்புறம்.

• துறைமுக வளாகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. அனுமதி இல்லாமல் உள்ளே படம் எடுக்கக் கூடாது.

உப்புக்காத்து கவனம்

இரண்டு போனுக்கும் ஐபி68 தரச்சான்று உண்டு. ஆனா அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, கடல் தண்ணீரில் இல்லை. அலை அடித்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் மெதுவாக அலசி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். லென்ஸ் மேல் படியும் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால், ராத்திரி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் வரும். ஒன்றரை லட்ச ரூபாய் போனுக்கும் மருந்து ஒரு சுத்தமான பருத்தித் துணிதான்.

கடைசியா, எதை வாங்கலாம்?

பகலில் தூரத்துப் படம், கப்பல், பறவை, புகைபோக்கி எடுப்பவர்களுக்கு சாம்சங் எஸ்25 அல்ட்ரா. 50 ஹெர்ட்ஸ் விளக்குக்குக் கீழே வீடியோ அதிகம் எடுப்பவர்களுக்கு ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ். ராத்திரி 1எக்ஸ் படத்துக்கு இரண்டும் கிட்டத்தட்ட சமம், அதுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கையில் இருப்பது 15,000 ரூபாய் போன் என்றாலும் கவலை வேண்டாம். லொகேஷன், அசல் ஃபைல், டாக்குமென்ட் ஆக அனுப்புவது, துடைத்த லென்ஸ் இந்த நாலும் அதற்கும் பொருந்தும். எண்ணூரில் அடுத்த தடவை ஏதாவது நடந்தால், 200 மெகாபிக்சலில் எடுத்து வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன படத்தைவிட, சாதா போனில் எடுத்து அசலாக வைத்திருக்கும் படத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.