குற்றாலப் பாறையிலும் 'சன்ஸ்கிரீன்'... அண்டார்டிகா கடல் பாசிக்கும் அதே உத்தி!

சீசன் முடிஞ்சு குற்றாலம் மெயின் அருவிக்குப் போனா, தண்ணி வற்றிய பாறையில கறுப்புத் திட்டு தெரியும். அழுக்குன்னு நினைச்சுடாதீங்க. அருவிப் பாறைகளில் இப்படிப் படிவது பெரும்பாலும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். தன் உறையில் 'சைட்டோனெமின்' என்ற பழுப்பு நிறமியைச் சேர்த்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. காய்ந்து கிடக்கும்போதும் இந்தக் குடை வேலை செய்யும்.

அண்டார்டிகா கடல் பாசிக்கும் இதே சிக்கல்தான். அங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஓசோன் படலம் மெலிகிறது. 1985-லதான் இது உலகத்துக்கே தெரிஞ்சது. ஃபியோசிஸ்டிஸ் போன்ற மிதவைப் பாசிகள், கதிரை உறிஞ்சும் நிறமற்ற மைக்கோஸ்போரின் சேர்மங்களைத் தயாரிக்கின்றன. மீறி டிஎன்ஏ சேதமானால், நீல ஒளியின் உதவியோடு ஒரு நொதி சரிசெய்யும். ஆனா இதுக்கெல்லாம் சக்தி செலவாகும், வளர்ச்சி குறையும். பாசி குறைஞ்சா கிரில்லுக்கும், கிரில்லைத் தின்னும் பெங்குயினுக்கும் சாப்பாடு குறையும்.