காதிஸுக்குக் காது, ஹெரெஸுக்குக் கால்

ஸ்பெயினின் தென்கோடியில், ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் இரண்டு ஊர்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது காதிஸ். உள்ளே தள்ளி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஹெரெஸ். காதிஸில் திருநீற்றுப் புதனை ஒட்டிக் கார்னிவல். ஹெரெஸில் பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி இரண்டு வாரம் ஃபிளமென்கோ விழா. ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் பொதுவாக ஒரு கணக்குப் போடுவார்கள்: கார்னிவல் யாரும் போய்க் கலந்துகொள்ளக் கூடியது, ஃபிளமென்கோ விவரம் தெரிந்தவர்கள் சமாச்சாரம். இந்த இரண்டு ஊர்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தலைகீழ்.

இறகும் ஜிகினாவும் அணிந்த நடன ஊர்வலம்தான் கார்னிவல் என்று நினைத்திருந்தால், அதற்கு டெனெரிஃபே தீவின் சாந்தா குரூஸ் இருக்கிறது. காதிஸ் வாயால் வாழ்கிற ஊர். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மாதிரி வேடம் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய மேளம், ஒரு சிறு முரசு, இரண்டு கிட்டார், வாயில் நாணல் ஊதுகுழலுடன் கேலிப் பாட்டுப் பாடுவார்கள். இந்தக் குழுவுக்குப் பெயர் சிரிகோட்டா. தமிழ்க் காதுக்கு அது சிரிப்புக்கென ஒதுக்கிய கோட்டா மாதிரியே விழும். பொருளும் ஏறக்குறைய அதுதான். மேயர், மந்திரி, அரச குடும்பம், பக்கத்து ஊர்க்காரர் என ஒருவரையும் விடுவதில்லை. பாட்டுகளை ஆண்டுதோறும் புதிதாக எழுதுகிறார்கள். போன வருஷப் பாட்டை வைத்துக்கொண்டு இந்த வருஷம் போட்டியில் நிற்க முடியாது. அந்தப் போட்டி ஃபாயா பெருந்திரையரங்கில் வாரக்கணக்கில் நடக்கும். இறுதிச்சுற்று வெள்ளி இரவு தொடங்கி விடியும்வரை நீளும்.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1937இல் ஃபிராங்கோ தரப்பு கார்னிவலுக்குத் தடை போட்டது. அதிகாரத்துக்கு முகமூடியும் ஆகாது, கேலியும் ஆகாது. பின்னாளில் காதிஸ் பெயரை மாற்றி, தணிக்கைக்குத் தலையாட்டி, எப்படியோ பாட்டைக் காப்பாற்றிக்கொண்டது. சொந்தப் பெயரோடு பிப்ரவரிக்குத் திரும்பியது 1977இல். இன்றும் போட்டியில் சேராமல் தெருமுனைகளில் பாடும் குழுக்களை ‘சட்டவிரோதிகள்’ என்றே செல்லமாக அழைக்கிறார்கள். என்னைக் கேட்டால் கார்னிவலின் உயிர் அவர்களிடம்தான். ஒரு தேவாலயப் படிக்கட்டு அவர்களுக்கு மேடை. கையில் பீர் கிளாஸோடு சுற்றி நிற்கும் கூட்டம் முதலில் உஷ் என்று அடங்கும், நான்காவது வரியில் வெடித்துச் சிரிக்கும். காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. ஆனால் ஸ்பானிஷ் தெரியாதவருக்கு அந்த நான்காவது வரி கிடைக்காது. ஓரளவு தெரிந்தவருக்கும் காதிஸ்காரர்கள் சொல்லின் வாலை விழுங்கிப் பேசுகிற பேச்சு பிடிபட நாளாகும். இலவச விழாவுக்கு மொழிதான் நுழைவுச்சீட்டு.

ஹெரெஸில் நேர் எதிர். 1997 முதல் நடக்கும் இந்த விழாவின் பெரிய நிகழ்ச்சிகள் வியாமார்த்தா திரையரங்கில். டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தால் மொழி தேவைப்படாது. அதைவிட முக்கியம், இது பார்க்கிற விழா மட்டுமல்ல, கற்கிற விழாவும்கூட. காலையில் பயிற்சி வகுப்பு, இரவில் அரங்கு. ஜப்பானிலிருந்தெல்லாம் ஆண்டுதோறும் வருகிறார்கள். முனையிலும் குதிகாலிலும் ஆணி அடித்த ஆட்டச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பவர்களைப் பார்த்தால் புரியும்.

இந்த ஊரின் சொந்தச் சரக்கு புலேரியா. பன்னிரண்டு அடித் தாளம். எண்ணிக்கையைப் பன்னிரண்டிலிருந்தே தொடங்கி, 12, 3, 6, 8, 10 ஆகியவற்றில் அழுத்தம் போடுவது ஒரு வழக்கம். அதாவது மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. கைத்தாளம் போட்டுப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது ஒரு மாலையில் விரலுக்கு வந்துவிடும். காலுக்கு வர எத்தனை வருஷமோ. கைதட்டலிலும் ரகம் உண்டு: உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் மந்தம், விரல்களால் உள்ளங்கையில் அடித்தால் கணீர். அரங்கு முடிந்தபின் ரசிகர் மன்றங்களிலோ, பீப்பாயிலிருந்து நேரே ஷெர்ரி ஊற்றித் தரும் ‘தபாங்கோ’ மதுக்கடைகளிலோ இதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம்.

இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினேனே தவிர, இரண்டும் அந்நியமில்லை. கார்னிவல் பாட்டிலிருந்து பிரிக்க முடியாத ‘தாங்கியோ’ என்ற பாட்டு வகை, ஃபிளமென்கோக்காரர்களின் வடிவமும்தான். கார்னிவல் போட்டி நடக்கும் அரங்கு தாங்கி நிற்பது காதிஸில் பிறந்த இசையமைப்பாளர் மனுவெல் தெ ஃபாயாவின் பெயரை. 1922இல் கவிஞர் லோர்காவோடு சேர்ந்து கிரனாதாவில் ஃபிளமென்கோவின் ஆழ்பாட்டுக்குப் போட்டி நடத்தியவரும் அவரே.

இனி நாட்காட்டி. கார்னிவல் ஈஸ்டரைப் பார்த்து நகரும். ஹெரெஸ் விழா பெரிதாக நகராது. 2024இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 14. ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. 2025இல் மார்ச் 5. இரண்டும் ஒரே நேரத்தில். 2028இல் மார்ச் 1 என்பதால் அந்த ஆண்டைக் குறித்து வைக்கலாம். தவக்காலம் பிறந்தபிறகும் காதிஸ் அடுத்த ஞாயிறுவரை ஓயாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறையை ஹெரெஸில் போடுங்கள். கார்னிவல் வாரத்தில் காதிஸில் இடம் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் தூக்கம் கிடைக்காது. முதல் சனிக்கிழமை வெளியூர் இளைஞர் கூட்டம் நெரிக்கும். பாட்டு காதில் விழாது. ஞாயிறு அல்லது திங்கள் போனால் சந்தையைச் சுற்றி டிராக்டர் இழுக்கும் வண்டிகளில் பெரிய பாடகர் குழுக்கள் வரும். பொரித்த மீனைக் காகிதக் கூம்பில் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றால் போதும்.

திரும்பும் ரயில் சான் ஃபெர்னாந்தோவில் நிற்கும். ஃபிளமென்கோப் பாடகர் கமரோன் தெ லா இஸ்லா 1950இல் பிறந்ததும் 1992இல் அடக்கமானதும் அங்கேதான். சிறுவனாக அவர் பாடிய வென்டா தெ வர்காஸ் உணவகம் இன்றும் நடக்கிறது. மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம்.