வெள்ளியும் வெள்ளீயமும்

பங்கில் வெள்ளி விழா என்றதும், நினைவுப் பதக்கம் அடிக்கலாமா என்ற பேச்சும் கூடவே எழும். ஆகவே பழைய வெள்ளிப் பதக்கங்களைத் தேடிச் சேர்ப்போர் அவற்றில் எதைப் பார்க்கிறார்கள் என்று இம்மலரில் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

நாணயம் கைமாறும், பதக்கத்துக்குச் செலாவணி கிடையாது. யார் கொடுத்தார், யாருக்கு, எந்த உலோகத்தில் என்று கேட்டால்தான் அது வாய் திறக்கும்.

நம் வேலப்பன்சாவடியைக் கடந்து பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலை, மேற்கே வேலூர்த் திசையில் நீள்கிறது. 1799 பெப்ருவரியில் ஜெனரல் ஹாரிஸின் சேனை வேலூரிலிருந்துதான் மைசூர்மீது கிளம்பிற்று. அதில் சென்னை இராஜதானிச் சிப்பாய்கள் ஆயிரமாயிரம் பேர். மே 4-ந் தேதி சீரங்கப்பட்டணம் விழுந்தது; திப்பு சுல்தான் போரிலே மாண்டார்.

அவ்வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் வெளியிட்டது. கூக்லர் என்ற ஜெர்மானியர் அச்சு வெட்ட, பர்மிங்ஹாம் அருகே மாத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில் அடித்தார்கள். முன்புறத்தில் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. புலி திப்புவின் சின்னம் என்பது யாவரும் அறிந்ததே. மேலே கொடியில் அரபு மொழியில் ‘இறைவனின் வெற்றிச் சிங்கம்’ என்றிருக்கும். வேடிக்கை என்னவென்றால், திப்பு தம் ஆயுதங்களில் பொறித்திருந்த வாசகமே அது! தோற்றவரின் சொல்லைப் பறித்து, வென்றவர் தம் சிங்கத்துக்குச் சூட்டிவிட்டனர். பின்புறம் கோட்டையைத் தாக்கும் காட்சி.

எல்லாவற்றிலும் படம் ஒன்றே, உலோகம் வேறு. மிக உயர்ந்தோருக்குப் பொன், அடுத்தவர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, சிறிய அதிகாரிகளுக்கு வெள்ளி, அதன் கீழ் வெண்கலம். சாதாரணப் படைவீரனுக்கு வெள்ளீயம். பொன் நூற்றுக்குச் சற்று மேல். வெள்ளீயமோ 40,000-ஐத் தாண்டியது. பெயரும் பொறிக்கவில்லை. ஆகையால் இன்று ஒரு பதக்கம் அகப்பட்டால், அதை அணிந்தவன் எந்த ஊரான் என்று அது சொல்லாது. 1815-ல் நடந்த வாட்டர்லூ போருக்கோ, பிரிட்டிஷ் அரசு தளபதி முதல் கடைசி வீரன்வரை எல்லாருக்கும் வெள்ளியே தந்தது. விளிம்பில் அவனவன் பெயரும் இருந்தது.

நம் பங்கில் பதக்கம் அடிப்பதானால், கோவில் கட்ட மண் சுமந்தவர்க்கும் பெருந்தொகை தந்தவர்க்கும் ஒரே உலோகம், விளிம்பில் பெயர் என்றே இருக்கட்டும். விழாக் குழுவினர் செலவுக் கணக்குப் போடும்போது இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

திருச்சபையிலும் இவ்வழக்கம் பழையது. பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் (1605–1621) காலந்தொட்டு, அர்ச். இராயப்பர் சின்னப்பர் திருநாளையொட்டி ஆண்டுப் பதக்கம் வெளியாகி வந்திருக்கிறது. அதிலுள்ள ஆட்சியாண்டைக் கொண்டே காலத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

நம் வீடுகளில் பாட்டனார் காலத்து டிரங்குப் பெட்டிகளிலும் ஏதேனும் கிடக்கக் கூடும். கறுத்திருக்கிறதே என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும். அடகுக் கடைக்கு எடுத்துச் செல்லுமுன் ஒருமுறை பங்கு இல்லத்தில் காட்டுங்கள். விளிம்பில் உள்ளதை எழுதி வைத்துக்கொண்டு, அப்பொழுதே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.